தோற்கிற அணியின் பின்னால்: வேகாஸ், கிளெண்டேல், டென்வர்

நவம்பர் 17, 2019, ஞாயிறு. டொராண்டோ

நாளை காலை விமானம். லாஸ் வேகாஸ், அங்கிருந்து காரில் அரிசோனா, அப்புறம் டென்வர். எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணி மேப்பிள் லீஃப்ஸ் மேற்கே போய் ஆடும் மூன்று ஆட்டங்களையும் நேரில் பார்க்க நானும் தம்பியும் பல வாரங்களுக்கு முன்பே டிக்கெட் எடுத்துவிட்டோம். அப்போது இது கொண்டாட்டப் பயணமாகத்தான் தெரிந்தது. ஆஸ்டன் மாத்யூஸ், மிட்ச் மார்னர், ஜான் டவாரஸ் மூவரும் ஒரே அணியில். 1967க்குப் பிறகு ஹாக்கியின் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பையைத் தொடாத ஊருக்கு வேறென்ன வேண்டும்?

இப்போது நிலைமை வேறு. வரிசையாக ஐந்து தோல்வி. 9ஆம் தேதி பிலடெல்பியாவிடம் ஷூட்அவுட்டில் தோற்றார்கள். அதே ஆட்டத்தில் மார்னருக்குக் கணுக்காலில் அடிபட்டது, குறைந்தது நான்கு வாரம் வரமாட்டார். மறுநாள் சிகாகோ. பிறகு ஐலண்டர்ஸ், பாஸ்டன். நேற்று பிட்ஸ்பர்கில் 6-1.

நேற்றைய ஆட்டம்தான் மனதை விட்டுப் போகவில்லை. வலையில் நின்றவர் பின்லாந்துக்காரர் காஸிமிர் காஸ்கிசுவோ. அவருக்கு என்ஹெச்எல் என்ற இந்த உச்ச லீக்கில் அதுதான் முதல் ஆட்டம். வருஷக்கணக்காகச் சின்ன லீக்குகளில் காத்திருந்த மனிதருக்கு இப்படி ஒரு ராத்திரியா வாய்க்க வேண்டும்? ஆறு கோலில் அவர் மேல் சொல்லக்கூடிய குற்றம் கொஞ்சம்தான். முன்னால் நின்றவர்கள் அவரைத் தனியாக விட்டுவிட்டார்கள்.

82 ஆட்டம் கொண்ட சீசனில் அடுத்தடுத்த இரவுகளில் ஆட வேண்டிய கட்டாயம் அடிக்கடி வரும். முதல் இரவு பிரதான கோல்கீப்பர் ஆடுவார், இரண்டாம் இரவு மாற்று கோல்கீப்பர். அது எல்லா அணிக்கும் உள்ள வழக்கம். லீஃப்ஸ் இந்த சீசனில் இதுவரை ஒரு இரண்டாம் இரவைக்கூட வெல்லவில்லை. பிரதான கோல்கீப்பர் ஃப்ரெடரிக் ஆண்டர்சன் இல்லாத நாள் என்றால் எதிரணிக்கு இரண்டு புள்ளியை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தது போல ஆகிவிட்டது.

ஊரில் எல்லோரும் சொல்வது இரண்டே விஷயம். ‘மனசு வைத்து ஆடவில்லை’, ‘கோச்சை மாற்று’. முதலாவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. இந்த மட்டத்தில் ஆடுகிறவன் மனசில்லாமல் வந்து முழங்காலால் பக்கை (ஹாக்கியின் ரப்பர் வட்டு) தடுத்துக்கொண்டு நிற்க மாட்டான். ஆனால் ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது, அது டிவியில் தெரிவதில்லை. டிவி கேமரா பக்கின் பின்னாலேயே ஓடுகிறது. ஒரு நேரத்தில் ஐஸில் இருக்கும் ஐந்து ஆட்டக்காரர்களில் பக் வைத்திருப்பவன் ஒருவன்தான். மற்ற நால்வர் என்ன செய்கிறார்கள்? சரிவு அங்கேதான் இருக்கிறது என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். அதனால்தான் மூன்று அரங்கிலும் கோலுக்குப் பின்னால், மேல் அடுக்கில் இடம் பிடித்தேன். ஐஸ் முழுவதும் கீழே வரைபடம் போல விரிந்து கிடக்கும்.

நவம்பர் 18, திங்கள். லாஸ் வேகாஸ்

பயணம் நன்றாக முடிந்தது. விமானத்திலேயே நீல ஜெர்சிகள் பத்துப் பதினைந்து பார்த்தேன். தோற்றுக்கொண்டிருக்கும்போதும் ஜெர்சியைப் பெட்டிக்குள் ஒளித்துவைக்காமல் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சாயங்காலம் அரங்கம் வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். இன்றைக்கு எழுத வேறொன்றும் இல்லை.

நவம்பர் 19, செவ்வாய். டி-மொபைல் அரங்கம்

4-2. தோல்வி. ஆறாவது.

முதலில் அரங்கத்தைப் பற்றி. சூதாட்ட விடுதிகளுக்கு நடுவே, 2016ல் திறந்தது. கோல்டன் நைட்ஸ் அணிக்கு இது மூன்றாவது சீசன்தான். முதல் சீசனிலேயே இறுதிச்சுற்று வரை போன அணி. ஆட்டத்துக்கு முன் வாளேந்திய வீரன் ஐஸுக்கு வருவதும், வெளிச்சமும், முழக்கமும் சேர்ந்து ஒரு பெரிய நாடகமே நடக்கிறது. பாலைவனத்தில் ஹாக்கி வேர் பிடிக்காது என்று சொன்னவர்கள் இங்கே வந்து ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். மேலே கூரையில் 58 என்ற எண் தொங்குகிறது. 2017 அக்டோபர் 1 துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த 58 பேருக்காக அந்த எண்ணை இனி யாரும் அணியாதபடி ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். அணி தன் முதல் சொந்த ஊர் ஆட்டத்தை ஆடியது அந்தத் துயரத்துக்குச் சில நாட்களுக்குப் பிறகுதான். மூன்று வயது அணிக்கு இந்த ஊர் ஏன் இவ்வளவு கட்டுப்பட்டிருக்கிறது என்பது அதைப் பார்த்ததும் புரிந்தது.

சரி, ஆட்டம். மூன்று பீரியட் ஆட்டத்தில் எங்கள் இடம் முதல், மூன்றாம் பீரியட்களில் லீஃப்ஸ் தாக்கும் பக்கம். இரண்டாம் பீரியடில் எங்கள் கண்ணுக்குக் கீழேயே அவர்கள் தடுத்து ஆட வேண்டும். நான் காத்திருந்தது இதற்காகத்தான்.

ஹாக்கியில் ஒவ்வொரு பீரியடுக்கும் அணிகள் பக்கம் மாறும், ஆனால் பெஞ்சு மாறாது. அதனால் இரண்டாம் பீரியடில் சொந்த கோலிலிருந்து பெஞ்சு தூரமாகிவிடும். ஒருவர் தொடர்ந்து ஐஸில் ஆடும் ஒரு ஷிஃப்ட் சுமார் 45 விநாடி. களைத்த ஆட்டக்காரன் அந்தத் தூரத்தைக் கடந்து போய்த்தான் ஆள் மாற முடியும். பக்கைச் சொந்தப் பகுதியிலிருந்து வெளியே எடுத்துப் போகத் தெரிந்த அணிக்கு இது பிரச்சினையே இல்லை. தெரியாத அணி மாட்டிக்கொண்டால் ஒரு நிமிடம், ஒன்றேகால் நிமிடம் என்று அங்கேயே சுற்றும். கால் கனக்கும். ஸ்டிக் தரையைவிட்டு எழும். அந்த நிலையில்தான் கோல் விழும்.

லீஃப்ஸ் இன்று மாட்டிக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். டிஃபென்ஸ்காரர் வலைக்குப் பின்னால் பக்கை எடுக்கிறார். அந்தக் கணமே இரண்டு ஓரத்து ஃபார்வர்டுகளும் எதிரணிப் பகுதி தொடங்கும் தூரத்து ப்ளூ லைனை நோக்கிப் பறக்கிறார்கள். நீண்ட பாஸ் போக வேண்டும் என்பது கோச் மைக் பாப்காக்கின் முறை. வழி திறந்திருந்தால் அது அழகான ஆயுதம். நடுவே நான்கு நைட்ஸ்காரர்கள் குச்சியை நீட்டிக்கொண்டு நிற்கும்போது அந்தப் பாஸ் எங்கே போகும்? ஒரு ஸ்டிக்கில் பட்டுத் திரும்பி வரும். திரும்பி வரும்போது பக்கத்தில் உதவிக்கு ஆள் இல்லை. பக் வைத்திருப்பவனுக்கும் அவனுடைய தோழனுக்கும் இடையே பாதி ஐஸ் வெறிச்சோடிக் கிடக்கிறது. டிவியில் இது ‘தவறான பாஸ்’ என்று மட்டும் தெரியும். மேலிருந்து பார்த்தால் தவறு பாஸில் இல்லை, பாஸ் வாங்க யாரும் அருகில் இல்லாததில் இருக்கிறது.

இன்னொன்றும் பார்த்தேன். தோற்றுத் தோற்று, ஃபார்வர்டுகள் முன்பைவிடச் சீக்கிரமாகவே கிளம்புகிறார்கள். ஒரே அடியில் நிலைமையை மாற்றிவிட வேண்டும் என்ற தவிப்பு அது. சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். ஒவ்வொருவரும் அளவுக்கு மீறி உதவ நினைத்து, உதவி தேவைப்படும் இடத்தைவிட்டு ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

“அக்கா, ரெய்லியைப் பாருங்க, யாருக்குக் குடுக்கறதுன்னே தெரியாம நிக்கறாரு” என்றான் தம்பி. மோர்கன் ரெய்லி போல ஸ்கேட் செய்யத் தெரிந்தவர் பக்கோடு அரை விநாடி யோசித்து நிற்பதைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் பீரியடில் எங்களுக்கு நேர் கீழே நடந்ததை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். வேகாஸ் கோல்கீப்பர் மார்க்-ஆண்ட்ரே ஃப்ளூரி வலையின் ஒரு பக்கம் இழுக்கப்பட்டுவிட்டார். பக் மறுபக்கம் எங்கள் நிக் பெட்டனின் ஸ்டிக்குக்கு வந்தது. வலை திறந்து கிடந்தது. நீல ஜெர்சிக்காரர்கள் எல்லோரும் எழுந்துவிட்டோம், கை மேலே போய்விட்டது. ஃப்ளூரி உடம்பு மொத்தத்தையும் குறுக்கே எறிந்தார். கையுறை எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. பக் அதற்குள் இருந்தது. அரங்கம் வெடித்தது. மூன்று ஸ்டான்லி கோப்பைகளைப் பிட்ஸ்பர்கில் வென்றுவிட்டு இங்கே வந்தவர், இந்த ஊரின் செல்லப்பிள்ளை. நான் உட்காராமல் அப்படியே நின்று கைதட்டினேன். என் அணி தோற்கிறது, நெஞ்சு எரிகிறது, ஆனாலும் அந்தத் தடுப்புக்குக் கைதட்டாமல் இருக்க முடியாது.

சரிவில் இருக்கும் அணிக்கு இப்படித்தான் நடக்கும் என்பார்கள், அதிர்ஷ்டமும் கைவிடும் என்று. ஒப்புக்கொள்கிறேன், பெட்டனுக்கு இன்று அதிர்ஷ்டம் இல்லை. ஆனால் அந்த ஒரு வாய்ப்பைத் தவிர எத்தனை நல்ல வாய்ப்பு உருவாக்கினோம்? அதுதான் கேள்வி.

நவம்பர் 20, புதன். வேகாஸிலிருந்து ஃபீனிக்ஸ், நெடுஞ்சாலை 93

இன்று எழுத நிறைய இருக்கிறது.

காலையில் கிளம்பி ஹூவர் அணைக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். கொலராடோ ஆற்றின் மேலே 2010ல் திறந்த புதுப் பாலம். அதன் பெயரில் இருவர்: நெவாடாவின் முன்னாள் ஆளுநர் மைக் ஓ’கலஹன், அரிசோனாவில் அமெரிக்கக் கால்பந்து ஆடிவிட்டு ராணுவத்தில் சேர்ந்து 2004ல் ஆப்கானிஸ்தானில் உயிரிழந்த பாட் டில்மன். பாலத்தில் நடைபாதை உண்டு. அங்கிருந்து அணையை முழுதாகப் பார்க்கலாம். பாலத்தைத் தாண்டினால் அரிசோனா, கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும்.

கிங்மன் தாண்டிய பிறகு சாலை தெற்கே இறங்குகிறது. விக்கியப் என்ற சின்ன ஊர். அதற்கப்புறம் சாலையின் இரண்டு பக்கமும் ஜோஷுவா மரங்கள், கை விரித்து நிற்கிற மாதிரி. பெட்ரோல் போட நிறுத்தியபோதுதான் எங்கள் இரண்டு பேர் போனும் ஒரே நேரத்தில் அதிர்ந்தன.

பாப்காக்கை நீக்கிவிட்டார்கள். ஷெல்டன் கீஃப் புதிய கோச்.

தம்பி “யெஸ்!” என்று கத்தினான். எனக்கு அந்த வேகத்தில் சந்தோஷம் வரவில்லை. காரில் ஏறி வெகுநேரம் பேசாமல் வந்தேன்.

2015ல் எட்டு வருஷத்துக்கு 5 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டு அவரைக் கொண்டுவந்தபோது ஊரே மாறிப்போனது போல இருந்தது. 2008ல் டெட்ராய்ட்டுடன் ஸ்டான்லி கோப்பை. 2010, 2014 ஒலிம்பிக்கில் கனடாவுக்குத் தங்கம். ‘வலி வரப்போகிறது’ என்று வந்தவுடனேயே சொன்னார், சொன்னபடியே முதல் சீசனில் லீக்கில் கடைசி இடம். அதன் பலனாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்வதில் முதல் வாய்ப்பு வந்து மாத்யூஸ் கிடைத்தார். அதற்குப் பிறகு தொடர்ந்து மூன்று வருஷம் பிளேஆஃப் என்ற கோப்பைச் சுற்று, 2017-18ல் 105 புள்ளி. அந்த அணிக்கு அதுவரையிலான வரலாற்றில் அதுவே அதிகபட்சம். அதற்கு முன் பத்தாண்டுக்கும் மேலாக லீஃப்ஸ் பிளேஆஃப் பார்த்தது ஒரே ஒரு தடவை, 2013ல். அதுவும் பாஸ்டனிடம் ஏழாவது ஆட்டத்தில் 4-1 என்று முன்னிலையில் இருந்து தோற்றது. அந்த இருட்டிலிருந்து அணியை வெளியே கொண்டுவந்தவர் இவர். அந்த நன்றியை நான் மறக்கப்போவதில்லை.

“அப்படின்னா ஏன் தூக்கினாங்க? நீங்களே சொல்லுங்க” என்றான் தம்பி.

சொல்ல முயன்றேன். பொது மேலாளர் கைல் டூபஸ் கட்டியிருப்பது பக்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஆடத் தெரிந்தவர்களின் அணி. சிறிய உடம்பு, வேகமான கால், நல்ல கை. பாப்காக் நம்புவது எளிமையான, கடினமான ஆட்டம். பக்கை முன்னே அனுப்பு, துரத்து, சுவரோரம் போராடு. இரண்டுமே வெல்லக்கூடிய முறைகள்தான். ஒன்றுக்காகக் கட்டிய அணியை வைத்து இன்னொன்றை ஆடச் சொன்னால், ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒவ்வொரு முடிவிலும் ஒரு தயக்கம் வரும். தன் கை சொல்வதைக் கேட்பதா, கோச் சொன்னதைக் கேட்பதா? நேற்று ரெய்லி நின்ற அந்த அரை விநாடி அதுதான். 23 ஆட்டங்களில் 9 வெற்றி, 10 தோல்வி, கூடுதல் நேரத்தில் 4 தோல்வி. மொத்தம் 22 புள்ளி. அந்த 22 புள்ளியில் எத்தனை அரை விநாடிகள் கரைந்திருக்கும்!

தம்பியின் கோபம் வேறு. சீசனின் முதல் ஆட்டம், எதிரணி ஒட்டாவா. ஜேசன் ஸ்பெஸா ஒட்டாவாவில் பத்தாண்டுக்கும் மேல் ஆடியவர், தலைவராக இருந்தவர், டொராண்டோ பகுதியில் பிறந்தவர். 36 வயதில், சொந்த ஊர் அணியில் ஆட ஆசைப்பட்டு, குறைந்த சம்பளத்துக்கு வந்தார். அந்த இரவில் அவரைப் பாப்காக் ஆடவிடவில்லை. “அது எதுக்குக்கா? அதுல என்ன ஹாக்கி இருக்கு?” என்று இப்போதும் கேட்கிறான். என்னிடம் பதில் இல்லை. ஒரு கோச் அணியைத் தன் பக்கம் வைத்திருக்க வேண்டுமானால் இதுபோன்ற விஷயங்களில்தான் கவனம் வேண்டும்.

செயின்ட் லூயிஸ் உதாரணத்தையும் அவன் எடுத்தான். போன வருஷம் இதே நவம்பரில் அவர்கள் கோச்சை மாற்றினார்கள், ஜூனில் கோப்பையைத் தூக்கினார்கள். உண்மைதான். ஆனால் கோச் மாறியது நவம்பரில், லீக்கின் கடைசி இடத்தில் அவர்கள் இருந்தது ஜனவரி 3ஆம் தேதி. மாற்றிய பிறகும் ஆறு வாரம் மூழ்கிக்கொண்டேதான் இருந்தார்கள். மேலே வந்தது ஜோர்டன் பின்னிங்டன் என்ற இளம் கோல்கீப்பர் வலைக்கு வந்த பிறகு. கோச்சை மாற்றினால் மறுநாளே எல்லாம் சரியாகும் என்று அந்தக் கதை சொல்லவில்லை. நல்ல கோல்கீப்பிங் இல்லாமல் எந்த முறையும் எடுபடாது என்றுதான் சொல்கிறது.

இருட்டும் நேரத்தில் விக்கன்பர்க் தாண்டி ஃபீனிக்ஸ் வந்து சேர்ந்தோம். அணியும் இதே ஊரில்தான் இருக்கிறது. ஒரு கோச் இங்கிருந்து வீட்டுக்குப் போகிறார், இன்னொருவர் வந்து சேருகிறார். நாளைக்கு ஆட்டம்.

நவம்பர் 21, வியாழன். கிலா ரிவர் அரங்கம், கிளெண்டேல்

வெற்றி. 3-1.

கிளெண்டேல் ஃபீனிக்ஸ் நகரத்தின் மேற்குப் பக்கம். அரங்கத்தைச் சுற்றி வெஸ்ட்கேட் என்ற கடைவீதி, பக்கத்தில் பெரிய கால்பந்து மைதானம். குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வந்து தங்கும் கனடாக்காரர்கள் ஏராளம். அதனால் அரங்கத்தில் நீலம் பாதிக்குக் குறைவில்லை என்று தோன்றியது. எனக்குப் பக்கத்தில் சஸ்காச்சுவன் மாகாணத்திலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி. கணவர் 1967 இறுதியாட்டத்தை ரேடியோவில் கேட்டவராம். “இன்றைக்கு முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்” என்றார். ஆட்டம் முடியும்வரை அவர் வேறொன்றும் பேசவில்லை.

மாத்யூஸுக்கு இது சொந்த மண். பக்கத்து ஸ்காட்ஸ்டேலில் வளர்ந்தவர், சின்ன வயதில் இந்த ஊர் அணியான கயோட்டிஸின் ஆட்டங்களைப் பார்த்து ஹாக்கிக்கு வந்தவர். வின்னிபெக்கிலிருந்து 1996ல் ஓர் அணி பாலைவனத்துக்கு இடம்பெயர்ந்ததால்தான் டொராண்டோவுக்கு ஒரு மாத்யூஸ் கிடைத்தார். வின்னிபெக் ரசிகர்களுக்கு அன்று எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எதிர்ப்பக்கம் ஃபில் கெஸ்ஸல். லீஃப்ஸ் நொறுங்கிப்போன அந்த வருஷங்களில் கோல் அடித்துக்கொண்டிருந்தவர், எல்லாப் பழியும் தலையில் ஏறி 2015ல் பிட்ஸ்பர்குக்கு அனுப்பப்பட்டு, அங்கே போய் 2016லும் 2017லும் கோப்பை வென்றவர். பத்து வருஷமாக ஓர் ஆட்டம்கூடத் தவறவிடாதவரை ‘உழைப்பதில்லை’ என்று இந்த ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. சரிவு வரும்போது யாரைக் கைகாட்டுவது என்பதில் நாம் எவ்வளவு அவசரப்படுகிறோம் என்பதற்கு இவரே சாட்சி.

கீஃப் பற்றிச் சொல்ல வேண்டும். 39 வயது. டூபஸோடு சால்ட் செயின்ட் மரி ஊரின் ஜூனியர் அணியிலிருந்தே சேர்ந்து வேலை செய்தவர். டொராண்டோவின் கீழ்நிலை அணியான மார்லீஸை 2018ல் அந்த லீக்கின் கால்டர் கோப்பைக்குக் கொண்டுபோனவர். இப்போதைய லீஃப்ஸில் பலர் அவரிடம் ஆடி வளர்ந்தவர்கள். நைலாண்டர், கபானன், ஜான்சன், டெர்மட், ஹால் என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஒரே ஒரு நாள் இடைவெளியில் புது முறை எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. ஆனால் இவர்களுக்கு அது புதியதல்ல.

என்ன மாறியது? நான் முதலில் பார்த்தது ஃபார்வர்டுகளின் காலைத்தான். டிஃபென்ஸ்காரர் பக்கை எடுத்ததும் யாரும் பறக்கவில்லை. நடு ஃபார்வர்டு கீழே இறங்கி வந்தார், ஓரத்தில் ஒருவர் சுவரோரம் நின்றார். பத்தடி, பதினைந்தடிப் பாஸ்கள். வழி அடைபட்டால் வலுக்கட்டாயமாக முன்னே அனுப்பாமல், திரும்பிச் சொந்தப் பகுதிக்கே கொண்டுவந்து மறுபடி ஆரம்பித்தார்கள். இரண்டு நாளைக்கு முன் இப்படித் திரும்பி வந்திருந்தால் எதிரணிக்குப் பயந்தார்கள் என்றிருப்போம். இன்று அது நம்பிக்கையாகத் தெரிந்தது, ஏனென்றால் ஐந்து பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

டைசன் பாரி கோல் அடித்தார்! லீஃப்ஸுக்கு வந்த பிறகு முதல் கோல். போன சீசனில் கொலராடோவில் கோலும் கோலுக்கான உதவியுமாக 59 புள்ளி எடுத்த டிஃபென்ஸ்காரர், இங்கே வந்து 23 ஆட்டங்களாக ஒரு கோல் இல்லாமல் தவித்தவர். அவர் முகத்தில் இருந்தது சந்தோஷத்தைவிட நிம்மதி. தோழர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு விடவே இல்லை. அப்புறம் பியர் எங்க்வால், அவருக்கு என்ஹெச்எல்லில் முதல் கோல். 2014 புது ஆட்டக்காரர் தேர்வில் ஏழாவது சுற்றில், 188வது ஆளாக எடுக்கப்பட்டவர். நெடுநெடுவென்ற உயரம். மார்லீஸில் கீஃபிடம் ஆடியவர். அவர் ஒரு குழந்தை மாதிரி கையைத் தூக்கியதைப் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வலையில் ஆண்டர்சன் அமைதியாக இருந்தார். முன்னால் ஒழுங்கு இருந்தால் அவர் எவ்வளவு பெரிய கோல்கீப்பர் என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்தது.

ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது படிக்கட்டு முழுவதும் “கோ லீஃப்ஸ் கோ”. சஸ்காச்சுவன் பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

நவம்பர் 22, வெள்ளி. டென்வர்

விமானத்தில் டென்வர். விமான நிலையத்திலிருந்து ரயில் நேரே ஊர் நடுவில் யூனியன் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விடுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரம். படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது. இந்தக் காற்றில் 45 விநாடி ஷிஃப்ட் 55 ஆகிவிட்டால் என்ன ஆகும் என்று நாளைக்குப் பார்ப்போம்.

நண்பர்கள் அனுப்பும் செய்திகளில் ஒரே உற்சாகம். ஒரு வெற்றிதான் வந்திருக்கிறது. தம்பியிடமும் அதைத்தான் சொன்னேன். “நீங்க கொஞ்சம் சந்தோஷப்படுங்கக்கா” என்றான். சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

நவம்பர் 23, சனி. பெப்சி சென்டர்

5-3. இரண்டாவது வெற்றி.

இன்றைய ஆட்டத்தில் பழைய கணக்குகள் நிறைய. ஜூலை 1ஆம் தேதி நாசிம் காத்ரியைக் கொலராடோவுக்குக் கொடுத்துத்தான் பாரியையும் அலெக்ஸ் கெர்ஃபுட்டையும் வாங்கினோம். இன்று பாரியும் கெர்ஃபுட்டும் தங்கள் பழைய அரங்கத்துக்கு வருகிறார்கள், காத்ரி முதல்முறையாக லீஃப்ஸுக்கு எதிராக ஆடுகிறார். 2009ல் முதல் சுற்றில் எடுத்தது முதல் பத்து வருஷம் எங்களோடு இருந்தவர். 2018லும் 2019லும் பாஸ்டனுக்கு எதிரான பிளேஆஃபில் தடை வாங்கியதால்தான் அவரை விட்டுவிட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது, இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் அந்த 91ஆம் எண் சிவப்பு ஜெர்சியில் வலைக்கு முன்னால் இடம் பிடித்து நிற்பதைப் பார்த்தபோது, இந்தச் சரிவில் நமக்குக் குறைந்தது அதுதானோ என்று தோன்றியது. வலைக்கு முன்னால் நின்று அடி வாங்க ஒரு ஆள்.

ஆட்டம் நல்ல வேகம். பாஸ்கள் நேற்று முன்தினம் பார்த்தது போலவே குறுகியவை, ஐந்து பேரும் நெருங்கியே நகர்ந்தார்கள். கோல் அடிக்கும் உரிமை தங்களுக்கும் உண்டு என்று டிஃபென்ஸ்காரர்கள் இப்போது நம்புகிறார்கள். ப்ளூ லைனிலிருந்து இறங்கி வந்து தாக்குதலில் சேருகிறார்கள்.

அதே சமயம், மேலிருந்து பார்த்ததில் கவலைப்பட வைத்தவையும் உண்டு. டிஃபென்ஸ்காரர் முன்னே போனால் அவர் இடத்தை ஒரு ஃபார்வர்டு நிரப்ப வேண்டும். பல தடவை யாரும் நிரப்பவில்லை. கொலராடோவின் நேதன் மெக்கினனுக்கு அப்படி ஒரு இடைவெளி கிடைத்தால் போதும், மூன்றே எட்டில் பின்னால் போய்விடுகிறார். அந்த ஓட்டத்தை நேரில் பார்க்காதவர்களுக்கு என்னால் விவரிக்க முடியாது. புதுமுகம் கேல் மக்கார் ப்ளூ லைனில் பக்கோடு ஆடும் அசைவும் அப்படித்தான். இதில் இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: கொலராடோவின் தலைவர் லாண்டஸ்காக், ரண்டனன் இருவரும் காயத்தால் ஆடவில்லை. அவர்கள் இருந்திருந்தால் அந்த இடைவெளிகளுக்கு இன்று நாங்கள் கொடுத்த விலை கூடியிருக்கும்.

ஆகவே என் பார்வை இது. வேகாஸில் பார்த்த உடைப்பு, பக் வைத்திருப்பவனுக்கும் தோழனுக்கும் இடையிலான அந்த வெறிச்சோடிய ஐஸ், மூடத் தொடங்கியிருக்கிறது. அது பெரிய விஷயம், அதை மதிக்கிறேன். தடுத்து ஆடுவது இன்னும் சரியாகவில்லை. எதிரணியில் ஓர் ஆள் குறைந்திருக்கும்போது ஆடும் பவர் பிளே மார்னர் இல்லாமல் இன்னும் தடுமாறுகிறது, அவர் டிசம்பரில்தான் வருவார். எல்லாவற்றுக்கும் மேலே மாற்று கோல்கீப்பர் பிரச்சினை அப்படியே இருக்கிறது. கோச் மாறியதால் அதில் ஒரு துளியும் மாறவில்லை. ஆண்டர்சனை எல்லா இரவும் நிறுத்தி ஏப்ரலுக்குள் களைப்படையச் செய்வது தீர்வாகாது.

அடுத்த வாரம் 28ஆம் தேதி அமெரிக்காவில் நன்றிநவிலல் நாள். அன்று பிளேஆஃப் இடத்தில் இருக்கும் அணிகளில் பெரும்பாலானவை ஏப்ரலிலும் அங்கேதான் இருக்கும் என்பது ஹாக்கி வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் கணக்கு. நாங்கள் இப்போது விளிம்பில் இருக்கிறோம். நன்றிநவிலலுக்கு முந்தின நாள் டெட்ராய்ட். அப்புறம் வெள்ளிக்கிழமை பஃபலோவில் ஓர் ஆட்டம், சனிக்கிழமை அதே பஃபலோவோடு டொராண்டோவில் இன்னொன்று. அடுத்தடுத்த இரவுகள். கீஃபுக்கு வரும் முதல் இரண்டாம் இரவு அது. அன்று வலையில் யாரை நிறுத்துகிறார், அவருக்கு முன்னால் மற்ற ஐந்து பேர் எவ்வளவு நெருங்கி நிற்கிறார்கள் என்பதைத்தான் நான் பார்க்கப்போகிறேன்.